சுல்மாவின் கொடியில் இருந்த முகம்

சுல்மா பாரியென்தோஸ் வேலை பார்த்தது நெடுஞ்சாலை ஓரத்தில், மணிக்கணக்கில் அறை விடுகிற ஒரு விடுதியின் சலவைக்கூடத்தில். அங்கே வருகிறவர்கள் தூங்க வருவதில்லை, அதனால் படுக்கை விரிப்புகளுக்கு ஓய்வே கிடையாது. துவைத்துத் துவைத்து நைந்துபோனதை முதலாளி தூக்கிப் போடச் சொல்வான். சுல்மா தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வருவாள். அப்படிச் சேர்ந்த விரிப்புகளை ஒன்றோடொன்று மூட்டி, சுவருக்கு அடிக்கிற பெயிண்டை வாளியில் கரைத்துத் தீட்டியதுதான் எங்கள் பேட்டை வில்லா சௌசேயின் கொடி. எத்தனையோ ஜோடிகளின் பொய்ச் சத்தியங்களைக் கேட்ட துணி. அதன் நடுவில் அவள் ஒரு கிட்டார்க்காரனின் முகத்தை வரைந்து வைத்தாள். அந்த மூஞ்சிக்கு அதைவிடப் பொருத்தமான இடம் கிடைத்திருக்காது என்று இப்போது நாம் சொல்லிக்கொள்ளலாம். அப்போது யாராவது சொல்லியிருந்தால் சுல்மா பல்லைப் பெயர்த்திருப்பாள்.

கொடி என்றால் குச்சியில் கட்டி ஆட்டுகிற கைக்குட்டை என்று நினைத்துவிட வேண்டாம். விரித்தால் எங்கள் மைதானத்துக் கோல் கம்பங்கள் இரண்டையும் மறைத்துவிட்டு மிச்சம் கிடக்கும். மேலே பெரிதாக வில்லா சௌசே. நடுவில் முகம். அதற்குக் கீழே அந்தக் கிட்டார்க்காரனின் பெயர், 'பாக்ரே'. ராக் கச்சேரி எங்கே நடந்தாலும் அதைச் சுருட்டி பஸ்ஸின் கடைசி சீட்டில் போட்டுக்கொண்டு போவோம். கம்பித் தடுப்பில் கட்டித் தொங்கவிட்ட பிறகுதான் நாங்கள் வந்துவிட்டோம் என்று அர்த்தம். கொடியை வேற்றுப் பேட்டைக்காரன் அடித்துக்கொண்டு போய்விட்டால் அதைவிட மானக்கேடு கிடையாது. அடுத்த கச்சேரியில் அதைத் தலைகீழாகத் தொங்கவிட்டு ஆடுவான். தோஸ் புவெந்தேஸ் பேட்டைப் பையன்கள் ஒருமுறை எங்கள் கொடியின் ஒரு முனையைப் பிடித்து இழுத்தார்கள். மறுமுனையில் சுல்மா இருந்தாள். அவளுக்கு முன்பல் ஒன்று போனது. கொடி போகவில்லை.

இதில் ஒரே ஒரு குறை உண்டு. சுல்மாவுக்குத் துவைக்கத் தெரியும், வரையத் தெரியாது. அவள் வரைந்த முகத்தில் தொங்கு மீசை மட்டும்தான் பாக்ரேயுடையது. கண்ணும், தட்டை மூக்கும், இரட்டைத் தாடையும் அப்படியே கசாப்புக்கடை எவரிஸ்தோ. முதலில் அதைச் சொன்னவரே எவரிஸ்தோதான். கொடி காய்ந்துகொண்டிருந்தபோது முன்னால் வந்து நின்று, கத்தியை ஏப்ரனில் துடைத்துக்கொண்டே பார்த்தார்.

"சுல்மா, இது நான்தானே? என்னை எதுக்கும்மா இவ்ளோ பெருசா போட்டிருக்கே? கடைக்கு விளம்பரமா?"

பேட்டையே சிரித்தது. சுல்மா அன்றிலிருந்து எவரிஸ்தோ கடையில் எலும்புகூட வாங்கவில்லை. வெயிலோ மழையோ, பேட்டையின் அந்தக் கோடிவரை நடந்துபோய் வேறொருவனிடம் கொழுப்பும் ஜவ்வுமாக வாங்கிவந்து தின்றாள். ரோஷம் அப்படி.

பாக்ரே என்றால் கெளுத்தி மீன். வாயின் இரண்டு பக்கமும் தொங்குகிற மீசைக்காகப் பேட்டை வைத்த பெயர். அவன் சுல்மா வீட்டுக்குப் பின்சந்துப் பையன். அவனுடைய அப்பா ஆம்ப்ளிஃபையரைத் தெருவில் தூக்கி வீசியபோது, அதை எடுத்துவந்து தன் வீட்டுத் துவைக்கிற கொட்டகையில் வைக்க இடம் கொடுத்தவள் சுல்மா. அங்கேதான் அவன் வாசித்துப் பழகினான். பழகிய பழக்கத்தில் அக்கம்பக்கத்து நாய்கள் எல்லாம் வேறு தெருவுக்குக் குடிபோயின. சாயங்காலம் அவள் சொரீசோ என்கிற தொத்திறைச்சித் துண்டுகள் போட்டு வைக்கிற பயறுக் குழம்பை, பானையைக் கவிழ்த்து வழித்துத் தின்பான். "அக்கா, நான் பெரிய ஆளானா உன்னை மறக்கவே மாட்டேன்" என்பான். சாப்பிட்டுக்கொண்டிருக்கிறவன் வேறென்ன சொல்வான்?

பெரிய ஆளும் ஆனான். 'ஓட்டைத் தகரம்' குழுவில் அவனைச் சேர்த்துக்கொண்டார்கள். எங்கள் தெற்குப் புறநகரில் பிறந்து நாடெங்கும் பேர் வாங்கிய குழு அது. அதில் இரண்டு கிட்டார். ஜனங்கள் சீட்டியடித்துக்கொண்டு போன மெட்டெல்லாம் மற்றவன் வாசித்தது. நம் ஆள் இடதுபக்க ஓரத்தில் நின்று நடுநடுவே இட்டு நிரப்புவான், கண்ணை மட்டும் எல்லாரையும்விட அதிகமாக மூடிக்கொள்வான். ஆனாலும் வில்லா சௌசேக்கு அவன்தான் எல்லாம். மேடைக்கு நேர் எதிரே கட்டவேண்டிய கொடியை அவனுக்காக இடதுபக்கமாக இழுத்துக் கட்டுவாள் சுல்மா.

பிறகு ஒருநாள் ரேடியோவில், இசைரீதியாகத் தனக்கு மூச்சுமுட்டுகிறது என்று சொன்னான். இந்த மாதிரி ஆட்களுக்கு எப்போது மூச்சுமுட்டும் என்றால், இதைவிடப் பெரிய குழுவில் ஓர் இடம் காலியாகும்போது முட்டும். 'ஜனவரி இடி'க்குத் தாவினான்.

எங்கள் ஊரில் குழு மாறுவது என்பது கால்பந்துக் கிளப் மாறுவது மாதிரி. பெண்டாட்டியை மாற்றினால்கூட நாலு பேர் நியாயம் சொல்வார்கள், இதற்குச் சொல்ல மாட்டார்கள். பேட்டை இரண்டாகப் பிளந்தது. சமூகக் கிளப்பில் கூட்டம் போட்டார்கள். சுல்மா நாற்காலிமேல் ஏறி நின்றாள்.

"பாக்ரே எங்கயோ நாமளும் அங்கதான்! அவன் நம்ம பையன். தகரம் யாரு வீட்டுப் பிள்ளை?"

அவள் தங்கை நில்தாவின் புருஷன் ஒராசியோ சட்டைக் கையைச் சுருட்டிக் காட்டினான். தோளிலிருந்து முழங்கைவரை ஓட்டைத் தகரத்தின் சின்னத்தைப் பச்சை குத்தியிருந்தான். "அண்ணியாரே, நீங்க துணி மேல பெயிண்ட் அடிச்சிடுவீங்க. நான் என்ன கையை வெட்டிப் போட்டுட்டு வரணுமா?"

அதோடு அவன் சுல்மா வீட்டு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு வருவதை நிறுத்தினான். இன்னும் பலர் முகம் திருப்பிக்கொண்டார்கள். சுல்மா அசையவில்லை. கொடியின் மூலையில் இருந்த தகரச் சின்னத்தை அழித்து இடிக்காரர்களின் மின்னலைத் தீட்டினாள், பாதிப் பேட்டையை இழுத்துக்கொண்டு போனாள். ஒரு கிட்டார்க்காரனின் மூச்சுமுட்டலுக்காக ஒரு குடும்பம் ஞாயிற்றுக்கிழமையை இழந்தது. அவனுக்கு அது தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவும் இல்லை.

வருஷங்கள் போயின. ஜனவரி இடி ஸ்டேடியம் ஸ்டேடியமாக நிரப்பியது. ஒராசியோவும் கோபம் ஆறி, கையை மறைக்க முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு சாப்பிட வர ஆரம்பித்திருந்தான். அப்போதுதான் பாக்ரேக்கு மறுபடியும் மூச்சு முட்டியது. இந்தமுறை எந்தக் குழுவும் போதவில்லை. தனியாகவே கிளம்பிவிட்டான்.

சுல்மா அதைச் சலவைக்கூடத்து டிவியில் பார்த்தாள். நில்தாவும் அவளும் ஒரு விரிப்பின் இரு முனைகளைப் பிடித்து மடித்துக்கொண்டிருந்தார்கள். திரையில் தொப்பி போட்ட ஒரு மனிதர் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். மீசையை மழித்திருந்தார். கீழே 'நோர்பெர்தோ இரிபார்னே, இசைக் கலைஞர்' என்று ஓடியது. பாக்ரேயின் நிஜப் பெயர் அது; அவனுடைய அம்மாகூட அடிக்கிறபோதுதான் அந்தப் பெயரைச் சொல்வாள்.

"இத்தனை வருஷமா நான் கொடிகளுக்குப் பின்னாலதான் வாசிச்சுக்கிட்டு இருந்தேன்" என்றான் அவன், பேட்டியெடுத்த பெண்ணிடம். "கொடி மறைக்குது. குதிக்கிறவங்க காதுல எதுவும் விழாது. இனிமே என்னோட இசையை ஜனங்க நாற்காலியில உட்கார்ந்து, அமைதியா கேக்கணும்."

நில்தா விரிப்பைக் கீழே விட்டுவிட்டாள். "கேட்டியாக்கா? நீ மறைக்கிறியாம்."

"டிவிக்காரங்க வெட்டி ஒட்டியிருப்பாங்க."

"மீசையையும் அவங்களே வெட்டிட்டாங்களா?"

"வாயை மூடிட்டுத் துணியைப் பிடிடீ."

மடித்தார்கள். சுல்மா மடித்த விரிப்பு அன்றைக்குக் கோணலாக இருந்தது. அவளுக்கு வலித்தது, அவ்வளவுதான். அதை வேறெப்படியும் சொல்வதற்கில்லை.

நாற்காலிகள் தயாராக இருந்தன. உட்காரத்தான் ஆளைக் காணோம். தலைநகரத்தில், ரியாச்சுவேலோ ஆற்றுப் பாலத்துக்கு அந்தப்பக்கம், வெல்வெட் திரை போட்ட ஓர் அரங்கத்தைப் பிடித்திருந்தார்கள். அமைதியாக இசை கேட்கிற கனவான்கள் யாரும் இரிபார்னே என்ற பெயரைக் கேள்விப்பட்டிருக்கவில்லை. பாக்ரேயைக் கேள்விப்பட்டவர்களோ கொடி பிடிக்கிறவர்கள். காலி அரங்கத்தைப் படம் எடுத்தால் நன்றாகவா இருக்கும்? அவனுடைய மேனேஜர் ஃபகுந்தோ சுல்மாவுக்குப் போன் போட்டான்.

"மேடம், உங்ககிட்ட ஒரு கொடி இருக்காமே? ஷோவுக்குக் கொஞ்சம் அந்த ஒரிஜினல் ஃபீல் வேணும். ஒரு வேன் அனுப்பறோம், குடுத்து விட்டீங்கன்னா..."

"கொடி தனியா எங்கயும் போகாது தம்பி. ஆளோடதான் வரும்."

"ஆளுங்களும் வரட்டும் மேடம். ஆனா நிக்கக் கூடாது."

சுல்மா போனை மறு காதுக்கு மாற்றினாள். "அவனா கேட்டான்?"

"சார் ரொம்ப பிஸி..."

"சாரை ஞாயித்துக்கிழமை வரச் சொல்லு. பயறுக் குழம்பு வைக்கிறேன். வந்து சாப்பிட்டு, அவன் வாயால கேக்கட்டும். கேட்டா அப்பவே கொடியை எடுத்துத் தோள்ல போட்டுக்கிட்டு வரேன். நாற்காலின்னா நாற்காலி."

அவள் நிஜமாகவே அப்படித்தான் நினைத்தாள். டிவியில் அவன் துப்பியதைத் துடைத்துப்போட்டுவிட்டு, அவன் வாசற்படி ஏறி "அக்கா" என்றால் போதும் என்று உட்கார்ந்திருந்தாள். இப்படிப்பட்டவர்கள் இருக்கிற வரைக்கும் அப்படிப்பட்டவர்களுக்கு என்ன குறை?

சனிக்கிழமை அவள் செய்ததுதான் பேட்டையை வாய்பிளக்க வைத்தது. எவரிஸ்தோவின் கடைக்குள் நுழைந்தாள். நல்ல சொரீசோ அவரிடம்தான் கிடைக்கும். எவரிஸ்தோ எடை போட்டார். கட்டிக் கொடுக்கும்போது, "மீசைக்காரனுக்கா?" என்றார்.

"உனக்கெதுக்குய்யா? வியாபாரத்தைப் பாரு."

ஞாயிற்றுக்கிழமை குழம்பு கொதித்தது. மேஜையில் நல்ல விரிப்புப் போட்டாள், ஒருமுறைகூட விடுதிக்குப் போகாத விரிப்பு. நில்தா குடும்பம் வந்து உட்கார்ந்தது. கார் சத்தம் கேட்கும்போதெல்லாம் சுல்மா ஜன்னலைப் பார்த்தாள். மாத்தே இலைத் தேநீர் குடித்துக் குடித்து, வெந்நீர் தீர்ந்து, இலையும் சப்பென்று ஆகிவிட்டது. குழம்பு இறுகத் தொடங்கியது. கடைசியில் ஒராசியோ தானே கரண்டியை எடுத்தான்.

இரண்டாவது தடவை போட்டுக்கொண்டபோது சொன்னான், "நல்லா இருக்கு அண்ணி. துரோகிக்கு வெச்ச குழம்புக்கு இவ்ளோ ருசியா? எனக்கு ஒருநாளும் இப்படி வெச்சதில்லையே."

அன்று சாயங்காலமே சுல்மா கிளப்புக்குப் போனாள். பழைய நாற்காலிமேல் மறுபடியும் ஏறினாள். இப்போது ஏறுவதற்கு ஒருவர் கைகொடுக்க வேண்டியிருந்தது.

"எல்லாரும் கேட்டுக்குங்க. நம்ம கொடி அந்த நாற்காலி மடத்துக்குப் போகாது. இது என் வாக்கு. போச்சுன்னா இனிமே இந்தப் பேட்டையில யாரும் என் பேச்சைக் கேக்க வேணாம்."

கைதட்டினார்கள். ஜனவரி இடியோடு இருப்பது என்று முடிவாயிற்று. பாக்ரே போன இடத்தில் அவர்கள் ஒரு புதுப் பையனைச் சேர்த்திருந்தார்கள். அவனும் நன்றாகவே இட்டு நிரப்பினான்.

தனிக் கச்சேரியின் முதல்நாள் நடந்து முடிந்த மறுநாள் படம் எல்லார் போனிலும் வந்தது. தொப்பிக்காரர் கண்ணை மூடிக்கொண்டு வாசிக்கிறார். அவருக்கு எதிரே மாடியிலிருந்து கொடிகள் தொங்குகின்றன. அதில் ஒன்றில், மங்கலாக இருந்தாலும் படிக்கிற அளவுக்கு, வில்லா சௌசே.

எவரிஸ்தோவின் கடை வரிசையில் சுல்மா போய் நின்றபோது பேச்சு நின்றுபோனது. ஒரு கிழவி மட்டும் வாயை அடக்கமாட்டாமல், "மேல ஏறி நின்னு வாக்குக் கொடுத்தப்பவே நெனச்சேன்" என்றாள்.

சுல்மா வீட்டுக்கு ஓடினாள். கொடியை இழுத்துவந்து நடுத்தெருவில் விரித்தாள். "பாருங்கடா! நல்லாப் பாருங்க! இது எங்கயாவது போச்சா? என் கட்டிலுக்கு அடியிலதானே கெடந்துச்சு?"

பார்த்தார்கள். குனிந்து மோந்தும் பார்த்தார்கள். சோப்பு வாசனை வந்தது. அவள் வருஷம் முழுவதும் துவைத்து வைக்கிற கொடி, வேறென்ன வாசனை வரும்?

"போயிட்டு வந்ததைத் துவைச்சு மடிச்சு வெச்சா எங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றான் ஒருவன். "உனக்குத் தெரியாத சலவையா?"

இருபது வருஷம் எங்கள் கையைப் பிடித்து அழைத்துப்போனவளைப் பார்த்து நாங்கள் சொன்ன வார்த்தை இது. பாக்ரேயை மட்டும் திட்டிக்கொண்டே போவது நியாயமில்லை. ஒரு போன் படத்தை நம்பி நடுத்தெருவில் அவளை நிற்கவைத்தது நாங்கள். சுல்மா கொடியைச் சுருட்டி எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். நில்தாவைக் கூப்பிட்டுக்கொண்டு அடுத்த கச்சேரிக்கு இரண்டு டிக்கெட் வாங்கினாள். டிக்கெட் கிடைப்பதில் சிரமமே இல்லை.

அரங்கத்தில் நாற்காலி மெத்தென்று இருந்தது. முதல் வரிசைகளில் உட்காரச் சொல்லி ஒருவன் கெஞ்சினான், அப்போதுதான் படத்தில் கூட்டமாகத் தெரியுமாம். சுல்மா மேலே பார்த்தாள். நிஜமாகவே வில்லா சௌசே என்று ஒரு கொடி தொங்கியது. பளபளவென்ற துணி. எழுத்தெல்லாம் புத்தகத்தில் அச்சடித்த மாதிரி. நடுவில் மீசை இல்லாத, தொப்பி வைத்த முகம். இஸ்திரிப் பெட்டி போட்ட மடிப்புக்கூடக் கலையவில்லை. அதற்குப் பக்கத்திலேயே, துணியோடு துணி உரச, தோஸ் புவெந்தேஸ் என்று இன்னொரு கொடி.

நில்தா சிரிப்பை அடக்க முடியாமல் வாயைப் பொத்தினாள். "அக்கா, உன் பல்லைப் பேத்தவனுங்களோட சம்பந்தம் பண்ணி வெச்சுட்டாங்க."

எந்தப் பேட்டைக்குப் பக்கத்தில் எந்தப் பேட்டையைக் கட்டக்கூடாது என்பது தெற்கில் பால்குடிக்கிற குழந்தைக்கும் தெரியும். அதே மண்ணில் பிறந்து அந்தக் கொடிகளுக்கு முன்னால் அத்தனை வருஷம் வாசித்தவன், ஒருநாளாவது கண்ணைத் திறந்து பார்த்திருந்தால் அவனுக்கும் தெரிந்திருக்கும்.

கச்சேரி தொடங்கியது. அவன் பாடினான். பதினைந்து வருஷமாக யாரும் அவனைப் பாட விடாததன் காரணம் முதல் பாட்டிலேயே விளங்கியது. கிட்டார் மட்டும் நீளமாக, போகிற இடம் தெரியாமல் போய்க்கொண்டிருந்தது. பின்னால் நிரப்புவதற்கு ஒருவனை வைத்திருந்தான், பாவம் அந்தப் பையனும் கண்ணை மூடிக்கொண்டிருந்தான்.

நடுவில் நிறுத்திவிட்டு, தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டான். "இன்னிக்கு என்னோட சொந்த ஜனங்க வந்திருக்காங்க. என்னை வளர்த்தவங்க. அதோ, வில்லா சௌசே! உங்களை நான் மறப்பேனா?"

விளக்கு மாடியில் தொங்கிய கொடிமேல் விழுந்தது. கொடிக்குப் பின்னால் இரண்டு பையன்கள் எழுந்து கையாட்டினார்கள். அவர்களுடைய பனியனில் அரங்கத்தின் பெயர் இருந்தது.

சுல்மா மூன்றாவது வரிசையில், அவன் மூக்குக்கு நேர் எதிரே இருந்தாள். எழுந்து நின்றாள். தொண்டை கிழியக் கத்தினாள்.

"டேய் பாக்ரே! இங்க பாருடா! நான் இங்க இருக்கேன்!"

அவன் குனிந்து பார்த்தான். விளக்கு வெளிச்சத்தில் கண் கூசியிருக்கலாம் என்று நில்தா பிறகு சொல்லிப் பார்த்தாள். கூசவில்லை. நேராக அவள் முகத்தைத்தான் பார்த்தான். பிறகு மைக்கில், ரொம்ப மரியாதையாகச் சொன்னான்.

"அம்மா, தயவுசெஞ்சு உக்காருங்க. பின்னால இருக்கறவங்களுக்கு மறைக்குது."

பின்னால் யாரும் இல்லை என்பது வேறு விஷயம். சுல்மா உட்காரவில்லை. வரிசையை விட்டு வெளியே வந்து மாடிப்படி ஏறினாள். நில்தா பின்னாலேயே ஓடினாள். இரண்டு பேரும் கொடியின் முடிச்சுகளை அவிழ்த்தார்கள். பனியன் பையன்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"அதை எடுக்கறீங்களா ஆன்ட்டி? சரி. ஷோ முடிஞ்சதும் நாங்கதான் எடுக்கணும், வேலை மிச்சம்" என்றான் ஒருவன், மடித்துக் கொடுக்க ஒத்தாசையும் செய்தான்.

வேறு எங்கேயாவது இப்படி ஒரு கொடியைத் தொட்டிருந்தால் சுல்மாவுக்கு மிச்சப் பற்களும் போயிருக்கும். இங்கே அதற்காக யாரும் ஒரு விரல்கூடத் தூக்கவில்லை. திரும்பி வரும் பஸ்ஸில், அந்தப் பளபளத் துணியை மடியில் வைத்துக்கொண்டு சுல்மா அழுதாள். நில்தா ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தாள். வாழ்நாளில் முதல்தடவையாக அக்காவைக் கிண்டல் செய்ய அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை.

மறுநாள் கிளப் சுவரில் இரண்டு கொடிகளையும் பக்கத்தில் பக்கத்தில் தொங்கவிட்டாள். பேட்டை வந்து பார்த்தது. யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை, எங்களுக்கு அந்தப் பழக்கம் கிடையாது. வாயடக்கமாட்டாத கிழவி ஒரு தட்டு கறி அடைத்த எம்பனாடா சுட்டுக் கொண்டுவந்து வைத்தாள். நடுத்தெருவில் சலவை என்று சொன்னவன், சுல்மா வீட்டு ஒழுகுகிற கூரையில் ஏறி ஓட்டையை அடைத்தான்.

பிடித்துவந்த கொடியை என்ன செய்வது என்பதில்தான் சிக்கல். தலைகீழாகத் தொங்கவிடுவது முறை. ஆனால் அதில் இருப்பது எங்கள் பேட்டையின் பெயரே. சுல்மா கத்திரிக்கோலை எடுத்தாள். மேலே இருந்த பெயரை மட்டும் வெட்டி, குப்பையில் போட மனமில்லாமல் அடுப்பில் போட்டாள். முகம் இருந்த மிச்சத் துணியை எவரிஸ்தோ கேட்டு வாங்கிக்கொண்டார். தண்ணீர் ஒட்டாத துணி, கடை வாசலில் விறகைப் போர்த்தி வைக்க வசதி.

"இதையும் அழிச்சிடறேன்" என்று சுல்மா தன்னுடைய கொடிக்கு முன்னால் வெள்ளை பெயிண்டும் பிரஷுமாக உட்கார்ந்தாள்.

"அழிச்சா நடுவுல இவ்ளோ பெரிய வெள்ளையா இருக்கும்க்கா. ஆவி மாதிரி" என்றாள் நில்தா.

சுல்மா பிரஷைத் தூக்கியவள், வெகுநேரம் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தட்டை மூக்கு. இரட்டைத் தாடை. பக்கத்தில் விறகுத் துணியை மடித்துக்கொண்டு எவரிஸ்தோ நின்றார்.

"யோவ், இப்படித் திரும்பு" என்றாள். "இன்னும் கொஞ்சம்."

பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, பல் போன ஓட்டை தெரிய, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். இரண்டே இழுப்பில் மீசையை அழித்தாள். கீழே 'பாக்ரே'யை அழித்துவிட்டு, அதே இடத்தில் 'எவரிஸ்தோ' என்று எழுதினாள். எவரிஸ்தோ காது சிவந்துபோய் நின்றார்.

அந்தக் கொடி ஜனவரி இடியின் கச்சேரிகளுக்குப் போயிற்று. ஏன் ஒரு கசாப்புக்காரரின் முகம் என்று வேற்றுப் பேட்டைக்காரர்கள் கேட்டார்கள். "வீட்டுக்கு வரேன்னா வருவாரு" என்று சுல்மா பதில் சொன்னாள். நாளடைவில் ஸ்டேடியமே அந்தப் பெயரைப் பாட்டாகக் கத்தத் தொடங்கியது. எவரிஸ்தோ கடையைச் சாத்திவிட்டு பஸ் ஏறி வந்து, தன் முகத்துக்குக் கீழே வெட்கத்தோடு நிற்பார்.

நோர்பெர்தோ இரிபார்னேயின் தனிப்பயணம் எங்கே போய் முட்டியது என்று விசாரிக்க யாருக்கும் நேரமில்லை. நாற்காலிகள் எங்கும் நிரம்பவில்லை என்று மட்டும் கேள்வி. ஜனவரி இடியின் ஆண்டுவிழாக் கச்சேரிக்கு, போனால் போகிறது என்று அவனை ஒரு பாட்டுக்கு விருந்தாளியாகக் கூப்பிட்டார்கள். தொப்பியைக் காணோம். மீசையைத் திரும்ப வளர்த்துக்கொண்டு வந்தான்.

மேடைக்கு வந்ததும் அவன் தேடியது கொடியைத்தான். கம்பித் தடுப்பில், இடதுபக்கமாக இல்லாமல் இப்போது நட்டநடுவில், வில்லா சௌசே. அதில் முகம். தன் முகம்தான் என்று நினைத்துவிட்டான். வாசிக்க வந்ததை விட்டுவிட்டு மைக்குக்கு ஓடினான்.

"வில்லா சௌசே! என்னை நீங்க மறக்கலையே! இன்னும் என்னைத் தூக்கிட்டு வரீங்களே..."

முன்வரிசையில் சிரிப்பு கிளம்பியது. அவன் இன்னும் இரண்டடி முன்னால் வந்து, கண்ணுக்குமேல் கையை வைத்துப் பார்த்தான். இந்தமுறை கண்ணைத் திறந்துதான் பார்த்தான். முகத்துக்குக் கீழே எழுதியிருந்ததைப் படித்தான். அதே நேரம் மொத்த ஸ்டேடியமும் எவரிஸ்தோ, எவரிஸ்தோ என்று குதிக்க ஆரம்பித்தது. கொடிக்குக் கீழே நின்றவர் தொப்பியைக் கழற்றி மேடையைப் பார்த்துப் பணிவாகக் கும்பிட்டார்.

பாக்ரேயின் கண் அவருக்குப் பக்கத்தில் நின்ற பெண்ணிடம் வந்து நின்றது. இப்போது அவளை அடையாளம் தெரிந்தது. உதடு 'அக்கா' என்று அசைந்ததை நாங்கள் எல்லாரும் பார்த்தோம்.

சுல்மா இரண்டு கையையும் வாயில் குவித்து, ரொம்ப மரியாதையாகச் சொன்னாள்.

"ஐயா, தயவுசெஞ்சு கொஞ்சம் தள்ளி நில்லுங்க. டிரம்ஸ்காரப் பையனை மறைக்குது."

நோர்பெர்தோ இரிபார்னே தள்ளி நின்றுகொண்டார். டிரம்ஸ்காரன் குச்சியைத் தூக்கி எங்களுக்கு நன்றி சொல்லிவிட்டு, அடுத்த பாட்டைத் தொடங்கினான்.